அத்தியாயம் 17: உடனிருப்பவர்

அண்ணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இருபத்தாறு நாளாகிவிட்டது. இராஜகுமாரிக்கு இன்னும் அழுகை வரவில்லை.

காரியத்துக்கு வந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்ப்பதும், பிறகு தங்களுக்குள் பார்த்துக்கொள்வதுமாக இருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாமா? அவளுக்கோ நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதைப் போல உடம்பு முழுக்க ஒரு மதமதப்பு. கிள்ளினால் தெரிந்தது. வலிக்கவில்லை.

அவள் அழாவிட்டாலும் வீட்டில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மகன் சுஜன், டோஹாவுக்குத் திரும்பிப் போகுமுன் இரண்டு வேலைகளை முடித்துவிட்டுப் போனான். கேகாலை டவுனுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த வீட்டை மாவனல்லை பஸ்லான் முதலாளிக்கு விலை பேசி முற்பணம் வாங்கினான். அந்த முற்பணத்திலேயே, ரூவன்வெல்ல ரோட்டில் புதிதாக வந்திருக்கும் சில்வர்லேன் ஓய்வுக் கிராமத்தில் அப்பாவுக்கும் அத்தைக்குமாக ஓர் அறையைப் பதிவு செய்தான்.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இன்று சில்வர்லேனில் கையெழுத்து.

காலை எட்டு மணிக்கே தங்கையா வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனாவைக் குத்திக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். எழுபத்திரண்டு வயது. ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்துநான்கு வருஷம் கிளாக்கர், அதில் கடைசிப் பதினைந்து வருஷம் பெரிய கிளாக்கர். ஒரு தடவை நெஞ்சு வலி வந்து கண்டி ஆஸ்பத்திரி வரை போய் வந்தவர்.

"குமாரி, இன்னும் என்னா அந்தக் காகிதக் கட்டையே பாத்துக்கிட்டு இருக்க? பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"இன்னும் ரெண்டு பக்கம் அண்ணே."

"அதான் சுஜன் பாத்துட்டானே."

"சுஜன் போன்ல பாத்தான். படம் எடுத்து அனுப்புனதுல பாதி மங்கல்."

தங்கையா சிரித்துக்கொண்டே ஆட்டோவுக்குப் போன் பண்ணப் போனார்.

இருபத்திரண்டு பக்க வரைவு அது. கையெழுத்துக்கு முன்னால் வீட்டுக்குக் கொடுங்கள், வாசித்துவிட்டு வருகிறேன் என்று போன வாரம் கேட்டு வாங்கி வந்தவள் இராஜகுமாரிதான். அவர்கள் கொடுக்கத் தயங்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்று மட்டும் சொன்னார்கள். தமிழில் பிரதி இல்லை. இங்கிலீஷிலும் சிங்களத்திலும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பொறுப்பாக நடத்தி, வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளின் நிறையையும் தடுப்பூசியையும் முப்பது வருஷம் சிங்களத்தில் எழுதி அனுப்பியவளுக்குச் சிங்களப் பிரதி போதுமாக இருந்தது.

இந்த மாதிரி ஒப்பந்தங்களில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதில் யாரும் வீடு வாங்குவதில்லை. சொத்துப் பத்திரமான உறுதி கம்பனியிடமே இருக்கும். நாம் மொத்தமாகக் கட்டும் பணத்துக்கு வைப்பு என்று பெயர். அதற்குப் பதிலாகக் கிடைப்பது அந்த அறையில் வாழும் உரிமை. வைப்பிலிருந்து வருஷா வருஷம் ஒரு பங்கைக் கம்பனி கழித்துக்கொண்டே வரும். எட்டு வருஷத்தோடு கழிப்பது நிற்கும். மிச்சம் திரும்பி வரும்; ஆனால் உடனே வராது. அடுத்த ஆள் அந்த அறைக்கு வைப்புக் கட்டிக் குடிவந்த பிறகுதான் வரும். அது ஒரு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு வருஷமாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டுக்கும் காவலுக்கும் தாதிக்கும் மாதக் கட்டணம் தனி. அது ஏறும். ஏறட்டும், ஆனால் எவ்வளவு ஏறலாம் என்று எங்கேயாவது ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இராஜகுமாரி தேடினாள். பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் இருந்தது. பென்சிலால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

பதினோராம் பிரிவில் அவள் புள்ளி வைக்கவில்லை. அந்தப் பிரிவில் அவளுடைய பெயரே இருந்தது.

ஒப்பந்தம் இரண்டு வகை மனிதர்களைப் பற்றிப் பேசியது. ஒருவர் வதிவாளர். அவர் வைப்புக் கட்டுகிறவர், உரிமை அவருடையது. மற்றவர் உடனிருப்பவர். அவர் மாதச் சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கட்டி, வதிவாளரின் சம்மதத்தில் கூடவே இருக்கிறவர். வதிவாளர் என்ற இடத்தில் தங்கையாவின் பெயர். உடனிருப்பவர் என்ற இடத்தில் இராஜகுமாரியின் பெயர். வதிவாளர் இறந்தாலோ நிரந்தரமாக வெளியேறினாலோ, உடனிருப்பவர் பதினான்கு நாட்களுக்குள் அறையை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

நேற்று மூன்று தடவை வாசித்தாள். இன்று ஒரு தடவை. நான்கு தடவையும் ஒன்றேதான் எழுதியிருந்தது.

அவளுக்கு அறுபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. இந்த வீடு போய்விட்டால் அண்ணன் இருக்கும் இடம்தான் அவள் இடம். அண்ணனுக்கு ஒன்று ஆகிவிட்டால் பதினைந்தாம் நாள் காலையில் சூட்கேசோடு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்ட் மட்டும் தெரிந்தது. பஸ்ஸின் நெற்றியில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கும் அளவுக்கு அது அவளுக்குள் கனக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், அறையைப் பதிவு செய்துவிட்டு வந்த அன்று, தங்கையா செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்று சொன்னார்.

"உன் பேரையும் பதிஞ்சாச்சு குமாரி. இனி ஒரு பயமும் இல்ல."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் ஓர் உத்தரவாதம் கிடையாது. தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் பேர் இருந்தால் வேலை உண்டு. வேலை இருந்தால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா உண்டு. ஆள் ஓய்ந்துபோனாலும், வீட்டில் வேறு ஒருத்தர் பேர் பதிந்திருந்தால் குடும்பம் அங்கேயே இருக்கும். காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் பேர் இருக்கும்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்தப் பேர்களை எழுதியதும் வெட்டியதும் தங்கையாவின் கைதான். ஒரு காகிதத்தில் ஒரு பேர் ஏறிவிட்டால் அந்தப் பேருக்கு ஓர் இடம் உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. பேர் எந்தத் தலைப்பின் கீழ் ஏறுகிறது என்று பார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"என்ன கிளாக்கர் ஐயா, மாப்பிள மாதிரி?" என்றான் ஆட்டோக்கார புவாட்.

"ஆமாடா. என்னைய நானே கட்டிக் குடுக்கப் போறேன்."

"சீதனம் எவ்வளவு?"

"வீடு."

புவாட் விசில் அடித்தான். "வயசு போனவங்க எடமா அது?"

"வயசு எல்லாருக்கும்தான் போகுது. அங்க போக காசும் போகணும்."

இராஜகுமாரி வரைவைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். ஆட்டோ டவுனைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் இறங்கும் வரை இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டே போனார்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன பார்த்தாள் என்று கேட்டால் சொல்லியிருக்க முடியாது.

சில்வர்லேன் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் பங்களாவைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. கேட்டில் நுஸ்கா காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும், மாவனல்லைப் பெண். சில்வர்லேன் ஒபிஸை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"வாங்கோ அங்கிள், வாங்கோ ஆன்ட்டி. முதல்ல ரூமப் பாத்திட்டு வந்திருவமா?"

பன்னிரண்டாம் இலக்க அறை. இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, முற்றத்தைப் பார்த்த ஜன்னல். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. கம்பிக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து தரையைத் தொடும் அளவுக்கு ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது.

"இத இழுத்தா எங்க கேக்கும்?" என்றாள் இராஜகுமாரி.

"இழுத்துப் பாருங்கோ."

இழுத்தாள். கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. தாதிகளின் அறையில் உள்ள பலகையிலும் பன்னிரண்டு என்று எரியும், மணி அடிக்கும் என்றாள் நுஸ்கா. ஒரு நிமிஷம் ஆவதற்குள் ஒரு தாதி ஓடி வந்து, குளியலறைச் சுவரில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

"அங்க இருந்துக்கிட்டே அணைக்க முடியாதா?"

"ஏலா ஆன்ட்டி. இந்தப் பொத்தான் இங்க மட்டும்தான் ஈக்கி. ஆள் வந்து பாத்தாத்தான் அணையும்."

நல்ல ஏற்பாடு. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது. விழுந்தவர் கைக்கு எட்ட வேண்டும் என்றுதான் கயிறு தரைவரைக்கும் தொங்குகிறது. எழுந்து போகச் சோம்பல்பட்டவர்கள் மணியை மட்டும் நிறுத்திவிடக் கூடாது என்றுதான் பொத்தான் இங்கே இருக்கிறது.

"கரண்ட் போனா?"

"பெட்டரி ஈக்கி."

"சரி. அண்ணன் படுக்கையில விழுந்துட்டா என்னா செய்வீங்க?"

"குமாரி," என்றார் தங்கையா.

"கேட்டு வைப்போம் அண்ணே."

"சும்மா கொஞ்ச நாள்னா தாதி இங்கயே வந்து பாப்பா. சுகமாக மாட்டார்னு ரெண்டு டொக்டர் எழுதினா பராமரிப்பு வார்ட்டுக்கு மாத்துவம். ஒரு டொக்டர நீங்களே கொண்டு வரலாம்."

"மாத்துனா இந்த ரூம்?"

"அறுபது நாள் வச்சிருப்பம். அதுக்குப் பொறகு வெளியேறினதாத்தான் கணக்கு."

இராஜகுமாரி தலையாட்டினாள். அப்படியென்றால் அண்ணன் சாக வேண்டும் என்பதுகூட இல்லை. படுத்தாலே போதும். இதையும் அவள் ஆட்டோ கட்டணத்தைக் கேட்டுக்கொள்வது போலத்தான் கேட்டுக்கொண்டாள்.

"காலைப் பெரட்டுல வேலைக்கு வந்த ஆள் எண்ணுற மாதிரி ஒவ்வொண்ணா கேக்குறா மிஸ்," என்றார் தங்கையா, நுஸ்காவிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில். "பிள்ளைக் காம்பரா பழக்கம். நூறு பிள்ளைக்கும் பால் குடுத்தாச்சான்னு கேட்டுத்தான் தூங்குவா."

"கேக்கட்டும் அங்கிள். கேக்காதவங்கதான் பொறகு சண்டைக்கு வாறாங்க."

பங்களாவின் முன்னறைதான் ஒபிஸ். உட்காருங்கள் என்று சொல்லும்வரை தங்கையா நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். துரை பங்களாவில் உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. பிறகு பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சிறிய கையெழுத்து போடச் சொன்னாள் நுஸ்கா. இடையில் ஒரு பக்கத்தை மாற்றிச் செருகிவிடாமல் இருப்பதற்காகத்தான் இது. இரண்டு தரப்புக்கும் காவல். தங்கையா வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். அழகான கையெழுத்து.

பதினெட்டாம் பக்கத்தில் நுஸ்கா நிறுத்தினாள். தாளைத் திருப்பி இராஜகுமாரியின் பக்கம் தள்ளினாள்.

"இதில ஆன்ட்டி ஒரு சைன் வைக்கணும்."

"இது என்னா மகள்?"

"உடனிருப்பவர்ட உறுதிமொழி. எல்லாரும் வைக்கிறதுதான்."

"அண்ணனுக்கும் கேக்கிற மாதிரி வாசிச்சுச் சொல்லுங்க."

நுஸ்கா வாசித்தாள். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. வதிவாளர் இறந்தாலோ நிரந்தரமாக வெளியேறினாலோ நான் பதினான்கு நாட்களுக்குள் அறையை ஒப்படைப்பேன். வைப்பிலோ அறையிலோ எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இதை எனக்கு விளங்கும் மொழியில் விளக்கினார்கள்.

தங்கையா பேனாவின் மூடியைப் போட்டார்.

"அது எப்பிடி? இவ பேரு பதிஞ்சிருக்கே."

"பதிஞ்சிருக்கு அங்கிள். உடனிருப்பவராத்தான்."

"பேரு இருந்தா இருக்கலாம்தானே?"

"நீங்க இருக்கும் வரைக்கும் இருக்கலாம்."

தங்கையா தாளை இழுத்துப் பார்த்தார். அவர் பெயர் மேலே இருந்தது. அதற்குக் கீழே, சற்றுச் சின்ன எழுத்தில், தங்கையின் பெயர். விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதைப் போல.

"பதினாலு நாள்," என்றார். "பதினாறு கும்பிட்டு முடிக்கவும் விட மாட்டாங்களா?"

நுஸ்காவுக்கு விளங்கவில்லை.

"செத்தவங்களுக்கு எங்கள்ல பதினாறாம் நாள் காரியம்," என்றாள் இராஜகுமாரி. "அது வரைக்கும் வீட்டுல வெளக்கு எரியணும். இந்தக் கணக்குக்கு ரெண்டு நாள் குறையுது."

நுஸ்கா எதையோ குறித்துக்கொண்டாள். எதற்குக் குறித்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"ரெண்டு பேரையும் வதிவாளரா போட முடியாதா மிஸ்?"

"புருஷன் பெண்சாதின்னா ஏலும் அங்கிள், அதுக்கு ஒரு விண்ணப்பப் போம் ஈக்கி. அண்ணன் தங்கச்சிக்கு இல்ல. ரெண்டு வைப்புக் கட்டினா போடலாம்."

ஒரு வைப்புக்கே வீடு போகிறது.

தங்கையா தங்கையின் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"நேத்து வாசிச்சேன்."

"ஏன் சொல்லல?"

அவள் பதிலைத் தேடினாள். அண்ணன் மேல் கோபமா, இல்லை. பயமா, அதுவும் இல்லை. இருந்ததை எடுத்துச் சொன்னாள்.

"நீங்க சட்ட போட்டு ரெடியா இருந்தீங்க."

தங்கையா ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ சக்கர நாற்காலியில் வெயிலுக்கு வந்திருந்தார்கள். நுஸ்கா தேநீர் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டாள். அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தேநீர் வந்தது. தங்கையா குடித்து முடித்து, கோப்பையைத் தட்டில் சரியாக வைத்த பிறகுதான் பேசினார்.

"கருப்பாயிய ஞாபகம் இருக்கா குமாரி? மூணாம் டிவிஷன். புருஷன் ரப்பர்ப் பால் வெட்டப் போன எடத்துல கொப்பு விழுந்து செத்தானே."

"லயத்துக் கடைசியில தொங்க வீட்டுக் கருப்பாயி."

"அவதான். அவளுக்கு வயசு ஆகி ஏற்கனவே பேரு வெட்டியாச்சு. அவன் பேரையும் வெட்டுனா காம்பராவ விடணும். மகளுக்கு அப்ப பதினேழே முக்கா. துரைக்கு ஒவ்வொரு மாசமும் ஒரு காரணம் சொல்லி மூணு மாசம் இழுத்தேன். மகளுக்குப் பதினெட்டு ஆன அன்னைக்கே அவ பேரப் பதிஞ்சு, ஆத்தாவ அவளுக்குக் கீழ போட்டேன். அதுக்கு மேல இருபது வருஷம் அந்தக் காம்பராவுலயே இருந்துச்சு கெழவி."

"அதுக்கு என்னா இப்ப?"

"எளசு பேரு மேல இருக்கணும். மூத்தது கீழ." அவர் நுஸ்காவைப் பார்த்தார். "மிஸ், நான் இவ்வளவு நேரம் கையெழுத்துப் போட்டத எல்லாம் கிழிச்சிருங்க. புதுசா எழுதுங்க. வதிவாளர் இராஜகுமாரி. உடனிருப்பவர் தங்கையா."

நுஸ்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கொழும்புத் தலைமை ஒபிஸைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனோடு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் அவளுடைய சிங்களம் வேகமாகக் கேட்டது. நடுவில் இரண்டு தடவை சிரித்தாள்.

"அண்ணே," என்றாள் இராஜகுமாரி. "நான் முந்திட்டா?"

"முந்திப் பாரு."

"வெளையாடாதீங்க. நான் முந்திட்டா நீங்கதான் பதினாலு நாள்ல வெளிய போகணும்."

"எனக்கு மகன் இருக்கான்."

சுஜன் டோஹாவில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். அவனுடைய கட்டிலே அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு. இருவருக்கும் தெரியும்.

"அவன் எங்க கூட்டிக்கிட்டுப் போவான் உங்கள?"

"அது அவன் கவல. எனக்காகக் கவலப்பட ஒரு ஆள் இருக்கான்ல." தங்கையா பேனாவை மேசையில் உருட்டினார். "உனக்கு அதுக்கும் ஆள் இல்லயே குமாரி. இத முந்தியே நெனச்சிருக்கணும். பேரப் பாத்தேன், தலைப்பப் பாக்கல. முப்பத்துநாலு வருஷ கிளாக்கர்."

அவள் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கிய பிறகு, இது நம் வீட்டுக் கோப்பை இல்லை என்று ஞாபகம் வந்து திரும்பவும் எடுத்து வைத்தாள்.

நுஸ்கா வந்தாள். கொழும்பில் முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அறுபது வயது தாண்டிய யாரும் வதிவாளர் ஆகலாம். வீட்டை விற்ற பணமா, யார் பணம் என்பதெல்லாம் கம்பனிக்குத் தேவையில்லை. ஆனால் சில விஷயங்கள் மாறும். மருத்துவ அறிக்கை இனி ஆன்ட்டியுடையதாக இருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் திரும்பி வரும் மிச்ச வைப்பு ஆன்ட்டிக்குப் போகும், இல்லாவிட்டால் அவர் எழுதிவைக்கும் வாரிசுக்கு.

"இன்னொண்டும் ஈக்கி," என்றாள். "வதிவாளருக்கு விருப்பமில்லாட்டி ஒரு மாச நோட்டீஸ் குடுத்து உடனிருப்பவர அனுப்பிரலாம்."

"கேட்டியா குமாரி? இனி கொழம்புல உப்பு இல்லன்னு சொன்னா எனக்கு நோட்டீஸ்."

"இங்க நான் சமைக்க மாட்டேன் அண்ணே."

"அப்ப தப்பிச்சேன்."

நுஸ்கா சிரித்தாள். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தினாள். ரூமைப் பதிவு செய்து முற்பணம் கட்டியவர் சுஜன். பெயரை மாற்றுவதற்கு அவரிடமிருந்து ஒரு ஈமெயில் வேண்டும். இன்றைக்குள் வந்துவிட்டால் நாளைக்கே புதிய ஒப்பந்தம் அடித்துத் தருவாள். வராவிட்டால் பழைய பெயர்களில் கையெழுத்து வைக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள். பஸ்லான் முதலாளி ஏற்கனவே ஒரு தடவை வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

தங்கையா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். சுஜனுக்கு அங்கே வேலை நேரம். மூன்றாவது அழைப்பில் எடுத்தான்.

"சொல்லுங்கப்பா. முடிஞ்சுதா?"

"முடியுற எடந்தான். ஒரு சின்ன மாத்தம்." தங்கையா சொல்லத் தொடங்கினார். பதினோராம் பிரிவு, பதினான்கு நாள், உடனிருப்பவர், கருப்பாயி எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னார். கருப்பாயியை முதலில் சொன்னதால் சுஜனுக்கு எதுவும் பிடிபடவில்லை. நுஸ்கா இடையில் புகுந்து ஒழுங்காக எடுத்துச் சொன்னாள்.

பிறகு சுஜன் மெதுவாகப் பேசினான்.

"அப்பா, வீட்டு உறுதி உங்க பேர்ல. அந்தக் காசு முழுக்க இப்ப அத்த பேர்ல போகுது. அப்பிடித்தானே?"

"காசு இல்லடா. காம்பரா."

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. திரும்பி வர்ற மிச்சம் அத்தையோட வாரிசுக்கு. அத்தைக்கு வாரிசு யாரு?"

"நீதான்."

"அத எழுதியிருக்கா?"

"எழுதிட்டாப் போச்சு."

"அத்தைக்கு முதல்ல ஒண்ணு ஆச்சுன்னா நீங்க எங்க போவீங்க?"

மகன் இருக்கிறான் என்று தங்கையிடம் சொன்னதை மகனிடமே சொல்லத் தங்கையாவுக்கு நாக்கு எழவில்லை.

"நான் குறை சொல்லலப்பா," என்றான் சுஜன். "அம்மாவோட நகையும் அந்த வீட்டுக் கூரைக்குத்தான் போச்சு. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். நான் இங்க என்னா சேத்திருக்கேன்னு உங்களுக்கே தெரியும்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "இத யாரு சொன்னது? அந்த மிஸ்ஸா, அத்தையா?"

தங்கையா வாயைத் திறந்தார்.

"ஸ்பீக்கர நிறுத்திட்டு அத்த கிட்ட குடுங்க," என்றான் சுஜன்.

போன் மேசையைத் தாண்டி வந்தது. இராஜகுமாரி அதைக் காதில் வைத்தாள்.

"சொல்லு சுஜன்."

"சாப்டீங்களா அத்த?"

"இல்லப்பா. இனிமேதான்."

"அத்த, நேராக் கேக்குறேன். இத நீங்க கேட்டீங்களா?"

அவள் கேட்கவில்லை. அண்ணன்தான் சொன்னார். அதைச் சொன்னால் போதும், பேச்சு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் போய்விடும். அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில் ஒன்று உண்டு: உங்க இஷ்டம்ப்பா. பெண் பார்க்க வந்தபோது அதைத்தான் சொன்னாள். பிறகு அவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பியபோதும் அதைத்தான் சொன்னாள். வீட்டுக்கு விலை பேசிய அன்று இதே சுஜன் கேட்டபோதும் அதே பதில்.

எதிரே தங்கையா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனிடம் திட்டு வாங்கப் போகிற அப்பாவின் முகம்.

"ஆமா," என்றாள் இராஜகுமாரி. "நான்தான் கேட்டேன்."

தங்கையா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இருக்க ஒரு எடம் வேணும் சுஜன். அதான் கேட்டேன்."

நுஸ்கா தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

டோஹாவில் ஏதோ ஒரு லொறி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது. நின்றது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுஜன் அவர்களுக்கும் பதில் சொல்லவில்லை, இவளுக்கும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.

இராஜகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.